அப்பா எழுதிய ஆறு வரி

நம் வகுப்புக் குழுவில் போன மாதம் வந்த கட்டளை எல்லோருக்கும் நினைவிருக்கும். நமக்குத் துணிச்சலைக் காட்டிய ஒருவரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், சாக்குப்போக்குக் கூடாது என்று நம் பழைய வகுப்புத் தலைவன் போட்டிருந்தான். அறுபதைத் தாண்டியும் அவனுடைய அதிகாரம் குறையவில்லை. பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்த கை அது, சும்மா இருக்குமா? நீங்களும் சமர்த்தாக எழுதிவிட்டீர்கள். சிறைக்குப் போன தலைவர்கள், மலை ஏறிய பெண், புற்றுநோயோடு மல்லுக்கட்டிய சித்தி, ஒற்றைக் காலோடு வயலுக்குப் போன பெரியப்பா. ஒவ்வொன்றையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் பொம்மை போட்டேன். எதுவும் மனசுக்குள் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் எழுத்தில் குறையில்லை. எனக்குத்தான் இப்படி. என் வீட்டுக்காரர் போனபோதும் சரி, பேத்தி பிறந்தபோதும் சரி, அடுத்த வீட்டு விசேஷத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தூக்கத்தைக் கொடுத்தது, வேறொன்றும் கொடுக்கவில்லை. ஆகவே இதில் கண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். நானும் கட்டளைப்படி ஒரு பக்கம் எழுதினேன். அதை ஏன் உங்களுக்கு அனுப்பவில்லை என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

நாம் ஆறாவது படித்த வருஷத்து மழைக்காலம். தமிழ் டீச்சர் எல்லோரையும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். வாரம் ஒரு துணிச்சல்காரரைப் பற்றி அதில் எழுத வேண்டும். சனிக்கிழமை அசெம்பிளியில் ஒருவர் மேடையேறி வாசிக்க வேண்டும். அட்டையில் ‘அஞ்சாதவர்கள்’ என்று எழுதிச் சுற்றிலும் கலர் பென்சிலால் கொடி வரைந்தோமே, அந்த நோட்டு. என்னுடையது எந்த வீடு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியவில்லை. மழைக்கு நமத்துப்போய் அதில் ஒரு புகை வாடை அடிக்கும். அடுப்படிக் கொடியில் காய்ந்த சட்டைகளிலும் அதே வாடைதான். டவுன்ஷிப்பில் நம் வட்டத்துத் தெருக்களில் பாதி வீடுகளில் அப்போது சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரிதானே எரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நாம் எல்லோரும் ஒரே மாதிரி மணத்துக்கொண்டு போனோம்.

முதல் மூன்று வாரமும் ஒரே ராஜாவைத்தான் எல்லோரும் கொண்டு வந்தோம். பாடப்புத்தகத்தில் அவர்தான் கைக்குச் சிக்கினார். டீச்சருக்கு அலுத்துவிட்டது.

“செத்துப்போன ராஜாவையே எத்தனை தடவதான் சாகடிப்பீங்க? உங்க வீட்டுல ஒரு தைரியசாலி கிடையாதா? உங்க தெருவுல கிடையாதா? கண்ணத் திறந்து பாருங்க” என்றார்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா தெரிந்தார்.

உங்கள் அப்பாக்கள் ஆபீஸிலும் பவர் ஹவுஸிலும் ஆஸ்பத்திரியிலும் இருந்தார்கள். மண்ணை வெட்டும் அந்தப் பெரிய மெஷினில் ஏறுகிற அப்பா நம் வகுப்பில் எனக்கு மட்டும்தான். அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். திருவிழா ராட்டினத்தை விடப் பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் தொட்டி தொட்டியாக மண்ணை அள்ளும். சக்கரத்தைத் தாங்கும் நீண்ட கை ஒன்று. அந்தக் கையின் மேலே ஒரு சின்ன கண்ணாடி அறை. இரும்பு ஏணியில் ஏறி, கம்பிப் பாலத்தில் நடந்து அப்பா அங்கே போய் உட்கார வேண்டும். காலடியில் கம்பி வலை. வலைக்குக் கீழே ஒன்றுமில்லை, வெகு ஆழத்தில் செம்மண். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் சுரங்கத்து விளிம்புக்கு அழைத்துப்போய்க் காட்டுவோம். “யாத்தே, அதுலயா ஏறுதான்!” என்று அவர்கள் வாயில் கை வைப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவின் காது மடிப்பில் செம்மண் ஒட்டியிருக்கும். அம்மா துண்டின் நுனியை நனைத்துத் துடைத்துவிடுவாள்.

என் கட்டுரையின் முதல் வரி இன்னும் மறக்கவில்லை. ‘என் அப்பாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது.’

அந்தச் சனிக்கிழமை நீங்கள்தானே கை தட்டினீர்கள். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். அன்றைக்கு மதியம் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். முதல் வரி வாசிக்கும்போது அப்பா ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது. பிறகு பிசைந்தார். நான் முடிக்கும்வரை தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

“நல்லாத்தான் எழுதிருக்க” என்று எழுந்து கை கழுவப் போனார். அப்பளம் தட்டிலேயே கிடந்தது.

“புள்ள எம்புட்டு ஆசையா எழுதிருக்கு! ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன கொறஞ்சா போவும்?” என்று அம்மாதான் சண்டைக்குப் போனாள்.

இந்த இடத்தில் ஃபோர்மேன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் அப்பாவும் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். ஒரே ரயிலில், ஒரே தகரப் பெட்டியில் இருவர் துணியையும் அடைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவர்கள். கல்யாணம் ஆகும்வரை ஒரே அறையில் பொங்கித் தின்றார்கள். மாமா டிப்ளமோ படித்தவர், ஆகவே அவர் ஃபோர்மேன் ஆனார், அப்பா மெஷினில் ஏறினார். அதனால் இருவருக்கும் நடுவே ஒன்றும் வந்துவிடவில்லை. “மாப்ளே” என்று கூப்பிட்டுக்கொண்டு ஒருவர் வீட்டுப் பானையை மற்றவர் திறந்து பார்க்கும் உரிமை இருந்தது. தைப்பூசத்துக்கு இரண்டு குடும்பமும் ஒன்றாக வடலூர் போவோம். ஜோதி பார்க்கும் கூட்டத்தில் எங்களைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வதில் அவர்களுக்குள் போட்டி இருக்கும். யாரை எந்த வேலைக்குப் போடுவது என்கிற பட்டியல் மாமாவின் கையில் இருந்தது.

நம் டவுன்ஷிப்பில் ஒரு முறை இருந்தது. யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். மேலதிகாரியிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் ஆபீஸில் மனு கொடுக்கும் முன் ஒரு சீட்டில் எழுதி அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். முடியுமென்றால் அவர் கூப்பிட்டுப் பேசுவார், அப்புறம் முறைப்படி மனு. முடியாதென்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தச் சும்மா இருத்தல்தான் பதில். பிறகு கேட்டவரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது, கேட்கப்பட்டவரும் பேசக் கூடாது. ஆபீஸில் பார்த்த முகத்தையே பால் பூத்திலும் கோயிலிலும் பார்க்க வேண்டிய ஊர் அல்லவா. முகம் முறியாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு. கெட்டிக்கார ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கட்டுரை வாசித்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மழை விட்டிருந்தது. அப்பா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

“மாமாட்ட குடு. அவன் கையிலதான் குடுக்கணும். அத்தைட்ட கூடக் குடுத்துறாத. நாளைக்கு லிஸ்ட் போடுதான், அதுக்கு முன்ன பாக்கணும்.”

படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. நான் படிப்பேன் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

மாமா வீடு இரண்டு தெரு தள்ளி. நடுவில் இருந்த பலா மரத்தடியில் நின்று பிரித்தேன். என்னைப் பற்றி ஏதாவது பாராட்டி எழுதியிருப்பார் என்று நினைத்தேன் என்றால் சிரிக்காதீர்கள். பதினோரு வயசில் உலகமே நம்மைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கும். ஆறே வரி இருந்தது.

‘மாப்ளே, எனக்கு மேலே ஏறப் பயமாக இருக்கிறது. அன்றைக்குக் காற்று அடித்தபோது பாதி ஏணியில் கால் மரத்துப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து தினமும் மரத்துப்போகிறது. ஆஸ்பத்திரியில் சொன்னால் தகுதி இல்லை என்று எழுதிவிடுவார்கள். என்னைப் பம்ப் ஹவுஸுக்குப் போட முடியுமா பார். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.’

பம்ப் ஹவுஸ் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். சுரங்கத்தில் ஊற்றுநீர் பொங்கிவிடாமல் சுற்றிலும் குழாய் போட்டு ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருப்பார்கள். அது நின்றால் சுரங்கமே குளமாகிவிடும். அத்தனை முக்கியமான வேலை. ஆனால் தரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் உடம்பு முடியாதவர்களை அங்கே போடுவார்கள். நம் வட்டத்தில் அதற்கு ‘அரைப் பென்ஷன்’ என்று பெயர். நம் வகுப்பில் ஒருவனுடைய அப்பா அங்கே இருந்தார் என்பதற்காக அவனை நாம் ‘குழாய்’ என்றுதான் கூப்பிட்டோம். அவன் இந்தக் குழுவில் இருக்கிறான், மன்னிக்கட்டும். பலா மரத்தடியில் நின்றபோது எனக்கு அப்பாவின் கால் கண்ணில் படவில்லை. திங்கட்கிழமை நீங்கள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பதுதான் காதில் விழுந்தது.

இருந்தாலும் மாமா வீட்டு கேட் வரை போனேன். கொடுத்துவிடுவதா வேண்டாமா என்று அதுவரை முடிவு செய்யவில்லை. மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிப் பாத்தியில் தேங்கிய தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க வாங்க! அசெம்பிளில வெளுத்து வாங்கிட்டீங்களாமே!” என்று மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். “ஒங்கப்பனப் பத்தி நீ எழுதுனது ஒண்ணும் பொய்யில்ல பாத்துக்கோ. எங்க செக்ஷன்ல அப்பிடி ஒரு ஆளு கிடையாது. இந்தக் காத்துலயும் சும்மா குரங்கு மாதிரில்லா ஏறுதான்!”

காகிதம் என் பாவாடை இடுப்பில் இருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “என்னம்மா, அப்பா எதும் சொல்லிவிட்டானா?”

“இல்ல மாமா. அம்மா உறைமோர் வாங்கிட்டு வரச் சொன்னா.”

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை ஒரு டம்ளரில் மோர் கொடுத்தாள். அதைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கமாக நடந்தேன். சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் ஓடுமே, அந்த வாய்க்கால். டம்ளரைக் கரையில் வைத்துவிட்டுக் குந்தினேன். காகிதத்தைக் கிழித்தேன். கிழித்ததை மறுபடி கிழித்தேன்.

“என்னா பாப்பா, இங்க குந்திகினு என்னாத்த கிழிச்சிகினு இருக்க?”

கம்மாபுரத்துப் பக்கமிருந்து நம் வட்டத்துக்குக் கீரை கொண்டுவரும் அம்மா. விற்று முடித்து வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தார். அவர்களுடைய நிலம் சுரங்கத்துக்குள் போய்விட்டது, புருஷன் அந்தச் சுரங்கத்திலேயே கான்ட்ராக்ட் கூலி. நாலு பிள்ளைகளைக் கீரைக்கட்டில் வளர்த்தவர். டீச்சர் கண்ணைத் திறக்கச் சொன்ன காலத்தில் தினமும் நம் வாசலில் நின்றவர், நாம் ஒருவர்கூட எழுதவில்லை.

“பரிச்ச பேப்பரா? மார்க்கு கொறஞ்சி பூடுச்சா?” என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

“ஒங்கம்மாவாண்ட நா சொல்ல மாட்டன், போ. வூட்டுக்குப் போயி மூஞ்சக் கழுவு. பேயறஞ்சாப்ல இருக்கற.”

துண்டுகளைத் தண்ணீரில் விட்டேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முருங்கை மரத்தில் ஏதோ பார்ப்பவர் போல அண்ணாந்து நின்றார்.

“குடுத்தியா?”

“குடுத்தேம்பா.”

“படிச்சானா?”

“படிச்சாரு.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“ம்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

“இது என்னது?”

“உறைமோரு.”

“சரி. சிந்தாமக் கொண்டு போ.”

திங்கட்கிழமை லிஸ்ட் வந்தது. அப்பாவின் பெயர் மெஷினுக்கு நேராகவே இருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பூட்ஸ் கயிறு கட்டுவதைப் படுக்கையில் கிடந்தபடி பார்த்தேன். கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்ததும் எழுந்து போனார்.  அன்று இரண்டு மணிச் சங்கு ஊதி, பஸ் வந்து, பள்ளிக்கூடம் விட்டு நான் வாசலில் அவர் பூட்ஸைப் பார்த்தபின்தான் சோறு இறங்கியது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் இரண்டு பொய்யும் சேர்ந்து வெளிவரும் என்று வாயை மூடிக்கொள்வேன். ஒரு மாதம் போனபின் பூட்ஸைத் தேடவில்லை. சங்கு ஊதினால் ஊதியது, பஸ் வந்தால் வந்தது. எனக்கு இந்த மரத்துப்போன குணம் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். தெரியும். அந்தக் கார்த்திகை மாதம்.

அப்பா மாமா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். சொக்கப்பனை கொளுத்துகிற இடத்தில் மாமா கை அசைத்தபோது அப்பா கூட்டத்துக்குள் புகுந்து போனார். பொங்கலுக்கு மாமா வீட்டிலிருந்து கரும்புக் கட்டு வந்தது, திருப்பி எங்கள் வீட்டிலிருந்து நான்தான் பொங்கல் கொண்டு போனேன். தைப்பூசத்துக்கு அப்பாவுக்கு ஷிஃப்ட் இருந்தது. இல்லாத ஷிஃப்டை மற்றொருவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அம்மா பிறகு கண்டுபிடித்தாள்.

அந்தத் தையில் மாமாவுக்குப் பிரமோஷனும் பெரிய குவார்ட்டர்ஸும் வந்தன. வட்டத்துப் பெண்களுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. என் அப்பாவுக்குப் பொறாமையாம், கூட வந்தவன் மேலே போனதைப் பொறுக்க முடியவில்லையாம். அம்மா அப்பாவை விட்டுக்கொடுக்காமல் மாமாவுக்குத்தான் தலைக்கனம் என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமாவுக்குக் கோபப்பட நியாயம் இல்லாததால், கோபம் அப்பாவுடையதுதான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். கேட்டும் உதவாத சிநேகிதன் மேல் கோபம். அதை அவிழ்க்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் ஒன்றும் செய்யவில்லை.

பங்குனியில் ஒருநாள் பஜாரில் மாமா என்னைப் பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கி, கடையில் வறுத்த கடலை வாங்கிக் கையில் கொடுத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“ஏம்மா, அப்பா ஏன் என்ட்ட பேச மாட்டங்கான்? நான் எதும் தப்பாச் செஞ்சுட்டேனா? ஒனக்கு எதும் தெரியுமா?”

பெரியவர் ஒருவர் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் அப்படிக் கேட்க வேண்டுமென்றால் எத்தனை பேரிடம் கேட்டு ஓய்ந்திருப்பார். கடலை சூடாக இருந்தது. நான் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“தெரியல மாமா” என்றேன்.

“சரி. அவன நல்லாப் பாத்துக்கோங்க” என்று சைக்கிளில் ஏறினார். அடுத்த வருஷம் அவரை வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகும் அப்பா இருபத்து மூன்று வருஷம் அந்த ஏணியில் ஏறினார். மழை, காற்று, புயல் எச்சரிக்கை எல்லாவற்றிலும். வேறு யாரிடமும் சீட்டு அனுப்பவில்லை. கடைசி நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு அதிகாரி மைக்கில் பேசினார். “தனக்கென்று ஒரு சலுகை கேட்காத மனிதர். ஏறச் சொன்னால் ஏறுவார், ஏன் என்று கேட்க மாட்டார்” என்றார். நான் கைக்குழந்தையோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தோம். நம் ஊரில் யாரும் கிழவர் ஆனதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஆவதற்குள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். அதனால்தானோ என்னவோ, அங்கே வளர்ந்த நமக்கு வயசாவது எப்படி என்று பார்த்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. திடீரென்று ஒருநாள் கண்ணாடியில் நமக்குப் பதில் வேறு யாரோ நிற்கிறார்கள். அப்பா வடலூரில் மனை வாங்கி இரண்டு அறை கட்டினார். அம்மா அந்த வீட்டில்தான் கண்ணை மூடினாள். என் வீட்டுக்காரருக்குப் பிறகு நானும் அங்கேயே வந்துவிட்டேன். இப்போது அப்பாவுக்கு எண்பத்தைந்து. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும்.

நாலு வருஷத்துக்கு முன் கோவில்பட்டியிலிருந்து மாமாவின் மகன் போன் செய்தான். மாமா தூக்கத்திலேயே போய்விட்டாராம். கார் வைத்துக்கொண்டு போய்விட்டு வரலாம் என்றேன். முட்டி வலி என்றார் அப்பா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்போதும் கோபம் தீரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி போன மாதம். நம் தலைவன் கட்டளைக்கு நான் அப்பாவைப் பற்றித்தான் எழுதினேன். ஆறாம் வகுப்புக் கட்டுரை போல அல்ல. பயம் தெரியாதவர் என்று எழுதவில்லை. பயந்துகொண்டே தினமும் ஏறினார், யாரிடமும் சொல்லவில்லை, அதைவிடப் பெரிய துணிச்சல் உண்டா என்று எழுதினேன். கடிதத்தை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கே பிடித்திருந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பின் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தபோது வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பயம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. காலம் போன காலத்தில் மகளுக்குத் தெரிந்திருப்பது இயல்பு என்று நினைத்திருப்பார்.

“இதப் போயி தைரியம்னு எழுதாதம்மா” என்றார். “செக்கு மாடு சுத்துனாப்ல சுத்துனேன். வேற வழி இல்லாம ஏறுறவனுக்குப் பேரு தைரியசாலியா? என் ஆயுசுல ஒரே ஒரு தடவதான் நான் தைரியமா ஒரு காரியம் செஞ்சேன். ஒனக்கு ஞாபகம் இருக்காது. ஒன்ட்ட ஒரு சீட்டுக் குடுத்துவிட்டேன், மாமாட்ட குடுக்கச் சொல்லி.”

“ஞாபகம் இருக்குப்பா.”

“அத எழுத எனக்கு மூணு நாளாச்சு. எனக்குப் பயமா இருக்குன்னு ஒரு ஆம்பள வாயத் தொறந்து சொல்லணும்னா சும்மாவா? அவன்ட்டங்கதால எழுதுனேன். படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலன்னு நீ வந்து சொன்ன பாரு, அத்தோட சரி. அதுக்கு அப்புறம் அவன் மூஞ்சிய நிமிந்து பாக்க எனக்கு வெக்கமாப் போச்சு. அவன் சிரிச்சாலும் பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கானோன்னு இருக்கும். அவன் நல்லவன். நல்லவன் கண்ணு முன்னால கூசிப்போயி நிக்க முடியல.”

கோபம் இல்லை. ஐம்பது வருஷமாக நான் கோபம் என்று நினைத்திருந்தது வெட்கம்.

“நான் குடுக்கவே இல்லப்பா” என்றேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. பலா மரம், கத்தரிப் பாத்தி, மோர், வாய்க்கால், எல்லாவற்றையும் சொன்னேன். பஜாரில் மாமா கேட்டதையும் சொன்னேன்.  ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்று சொல்வது போலச் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  அப்பா எழுந்து உட்கார முயன்றார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

“அப்ப அவனுக்குத் தெரியாதா?”

“தெரியாதுப்பா.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும் தெரியாது. உங்கள மாதிரி ஆளு செக்ஷன்லயே கிடையாதுன்னுதான் அவர் என்ட்ட சொன்னாரு.”

அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. அதன் பிறகு அவர் சொன்னதை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

“அப்படின்னா அவன் செத்தன்னைக்கு நான் போயிருக்கலாமேம்மா.”